முதல் கை

பத்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, முதலாளியின் எதிரில் நூற்றுப் பத்து கிலோ எடையுள்ள ஃபிரிட்ஜ் ஒன்று நின்றது. அதைச் சுற்றி நான்கு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாசற்படியில் நின்ற மேஸ்திரி, "ஆரம்பிக்கலாம் சின்ன முதலாளி" என்றார்.

சின்ன முதலாளிக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருடைய அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேஸ்திரி அப்படித்தான் கூப்பிடுகிறார். பெரிய முதலாளி காலமாகி இருபத்தோரு வருடமாகியும் அந்தச் 'சின்ன' உதிரவில்லை.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அந்தக் குடும்பத்தின் தொழில். இந்தத் தொழிலைப் பலர் செய்கிறார்கள். ஆனால் முதல் கை என்ற மரியாதை இந்த ஒரு குடும்பத்துக்குத்தான் உண்டு. எந்த வீடானாலும் சரி, அங்கே இருப்பதிலேயே கனமான பொருளின்மேல் முதலில் முதலாளியின் கை பட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்கள் தொடுவார்கள். பெரிய முதலாளி ஏற்படுத்திய வழக்கம். மகன் அதை ஒரு நாளும் குறைத்ததில்லை. ஒரு மூலையைப் பிடித்து, மூச்சை அடக்கி, நான்கு விரல் உயரத்துக்குத் தனியாகத் தூக்கி இறக்கிவிட்டுத்தான் நகர்வார். நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்குகிற குடும்பம் இதுவல்ல என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் வீங்கி, நாலே கால் சென்டிமீட்டர் ஆகியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பயந்து மூலையில் முடங்க வேண்டாம். மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, வருடத்துக்கு ஒரு ஸ்கேன், தினமும் அரை மணி நேர நடை. அதுவும் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சை அடக்கிப் பாரம் தூக்குவது மட்டும் கூடவே கூடாது.

"தூக்கினா?"

"குழாய் கிழிஞ்சுபோகலாம்" என்றார் டாக்டர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "கிழிஞ்சா என்கிட்ட வந்து சேர்றதுக்கே நேரம் இருக்காது."

முதலாளி இதை வீட்டில் சொல்லவில்லை. தன் உடம்புக்குள் ஒரு குழாய் தன் சொல்லைக் கேட்காமல் நடக்கிறது என்பதை நாலு பேரிடம் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

ஃபிரிட்ஜைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி இருந்தது. விறுவிறுவென்று போய் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னைக்கு முதல் கை இதுக்கு" என்றார்.

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கார அம்மாள்தான் முகம் சிவந்தார். எதிர் வீட்டுக்காரி குடிபோனபோது அலமாரியைத் தூக்கிய கை, தன் வீட்டில் பூந்தொட்டியைத் தூக்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தன் வீட்டில் கனமான பொருளே இல்லையா என்றார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. அடுத்த வீட்டில் முதலாளி ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு முதல் கை வைத்தார். அதற்கடுத்த வீட்டில் தலையணைக்கு. அந்த வீட்டுக்காரர் பாதி ஏற்றிய சாமான்களை இறக்கச் சொல்லிவிட்டார்.

நடையாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று நினைத்தார். அதிலும் அவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் என்று டாக்டர் சொன்னால், பேசிக்கொண்டே நடந்தால்தானே அந்த வேகம் தெரியும்? காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்கியதும் பேச ஆரம்பித்தார். என்ன பேசுவது? அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது சாமான் பட்டியல்தான்.

"சோபா மூணு. டபுள் கட்டில் ஒண்ணு. டிரெஸ்ஸிங் டேபிள் ஒண்ணு. கண்ணாடி பத்திரம்."

மூன்றாம் நாள், பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டென்று எதிர்ப்பக்கம் போய்விட்டார். தனியாகப் பேசிக்கொண்டு திரிகிறார் என்று பேச்சு வந்தால் மானம் கப்பலேறிவிடும். அதனால் மறுநாள் முதலாளி காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டார். இனிப் பார்க்கிறவர்கள் ஃபோனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படித்தான் நினைத்தார்கள். நினைத்ததை அவர் மனைவியிடமும் போய்ச் சொன்னார்கள்.

அன்று காலை அவர் திரும்பி வந்தபோது மனைவி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு அவ?"

"எவ?"

"சோபா, கட்டில், டிரெஸ்ஸிங் டேபிள் எல்லாம் வாங்கித் தரப்போறீங்களே, அவ."

முதலாளி திருதிருவென விழித்தார். உண்மையைச் சொன்னால் குழாயைச் சொல்ல வேண்டும். கஸ்டமர் என்றார்.

"எந்தக் கஸ்டமர் தினமும் விடியக்காலையில ஆறு மணிக்கு டபுள் கட்டிலப் பத்திப் பேசறா?"

சந்தேகம் தீரட்டும் என்று மறுநாள் மனைவியையும் நடைக்கு அழைத்துப் போனார். அரை மணி நேரமும் பேச்சுக்குக் குறைவில்லை. அவளே பேசினாள். தன் கல்யாணத்தின்போது எத்தனை நாற்காலி இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, அவளுக்கென்று ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் என்றைக்காவது வாங்கியதுண்டா என்று வரிசையாகக் கேட்டாள். வீடு திரும்பியதும் முதலாளி அலுவலக அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, ஒளித்துவைத்திருந்த கருவியில் ரத்த அழுத்தம் பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த எண்ணைவிட நாற்பது அதிகம் காட்டியது.

இந்த நிலையில்தான் மனைவியின் தம்பி துள்ளிக்கொண்டு வந்தான். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீடு மாறுகிறார், வேலை நமக்குத்தான் என்றான். அவரிடம் முந்நூறு கிலோ இரும்புப் பெட்டகம் இருக்கிறது. முதல் கையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நீதிபதியே கேட்டிருக்கிறார். தலையணைப் பேச்சுக்கெல்லாம் அதோடு முற்றுப்புள்ளி. அவன் ஏற்கெனவே தெருவுக்கே சொல்லிவிட்டான்.

"ஃபோட்டோவும் எடுக்கறோம் மாமா. லாரி ரெண்டு பக்கமும் உங்க படம்தான்."

முதலாளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தூக்கினால் குழாய் போகும். தூக்காவிட்டால் அப்பாவின் பேர் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்துக் கடையில் வலது கையில் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டு வந்து, கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்று மேஸ்திரியிடம் சொன்னார்.

மேஸ்திரி வருத்தப்பட்டார். பிறகு, "இடது கையும் உங்க கைதானே சின்ன முதலாளி" என்றார்.

சனிக்கிழமை இடது கையிலும் கட்டு ஏறியது. மருந்துக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் சுற்றிவிட்டார். மனைவி கேட்டாள்.

"இது எதுல நசுங்கிச்சு?"

"அதே கதவுல."

"அவ வீட்டுக் கதவா?"

தம்பிக்காரன் மட்டும் உற்சாகம் குறையாமல் இருந்தான். இரண்டு கையிலும் கட்டோடு தூக்கினால் படம் இன்னும் பிரமாதமாக வரும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நீதிபதியின் கூடத்தில் கால்வைக்க இடமில்லை. பூந்தொட்டி அம்மாள் முன்வரிசையில் நின்றார். தலையணை வீட்டுக்காரர் அவர் பக்கத்தில். கதவோரம் மனைவி, கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணையும் டிரெஸ்ஸிங் டேபிளுக்கு ஏற்ற முகமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிபதி சாய்வு நாற்காலியில், தீர்ப்புச் சொல்லப் போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். நடுவில் பெட்டகம், கறுப்பாக, யாருக்கும் அசைந்து கொடுக்காத தோற்றத்தோடு.

"ஆரம்பிக்கலாம் சின்ன முதலாளி" என்றார் மேஸ்திரி.

முதலாளி முன்னால் போனார். குனிந்தார். கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் பெட்டகத்தின் மூலையில் வைத்தார். மூச்சை இழுத்து அடக்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்டரின் முகம் கண் முன்னே வந்தது. அடக்கிய மூச்சை 'உஃப்' என்று ஊதிவிட்டார். நிமிர்ந்தார்.

"என்னால தூக்க முடியாது" என்றார்.

தம்பிக்காரன் ஃபோனை இறக்கினான்.

"என் கைக்கு ஒண்ணுமில்ல. நெஞ்சுக்குள்ள ரத்தம் போற பெரிய குழாய் வீங்கியிருக்கு. பாரம் தூக்கினா உசுருக்கு உத்தரவாதம் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நடன்னாரு, பேசிக்கிட்டே நடன்னாரு. அதான் நடந்தேன்."

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அந்த டபுள் கட்டில்?" என்றாள் மெல்ல.

"பேசறதுக்கு எனக்கு வேற என்ன தெரியும்? ஃபோன்ல யாருமே இல்ல. பழைய லிஸ்ட்ட ஒப்பிச்சேன்."

அவள் அழுதுகொண்டே அவர் கைக்கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். பூந்தொட்டி அம்மாள், அன்றைக்கு அந்தத் தொட்டியையும் தூக்கியிருக்கக் கூடாது என்று கடிந்துகொண்டார். நீதிபதி எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். முதலாளி உட்காரவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு தன் ஆட்களின் பக்கம் திரும்பினார்.

"எங்க அப்பா கட்டிக்காத்த மரியாதைய நான் இன்னைக்கு இறக்கி வச்சுட்டேன். இனிமே இந்தக் குடும்பத்துல முதல் கை கிடையாது."

ஆட்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்கிறவர் போலத் தொண்டையைக் கனைத்தார்.

"பெரிய முதலாளிக்கும் இதே குழாய்தான் வீங்கியிருந்துச்சு, தூக்காம சும்மா கைய வச்சுட்டு நகர்ந்துக்கறதுக்குத்தான் அவரு இந்த முதல் கையவே கண்டுபிடிச்சாரு, நீங்க எதுக்கு இத்தனை வருஷமா நெசமாவே தூக்கினீங்கன்னுதான் எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல, சின்ன முதலாளி."