மங்களத்துக்கு முன்னால் கிளம்பிய தம்பூரா

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவனைவிட வெட்டியாக இருப்பவன் உலகத்தில் யாரும் இல்லை என்று ஊர் நம்புகிறது. இந்த நம்பிக்கையை எதிர்த்து நான் நிறைய வாதாடியிருக்கிறேன். ‘கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்’, ‘மண்டைக்குள் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். பட்டப்பகலில் லுங்கியும் பனியனுமாகக் கூடத்தில் மல்லாந்து கிடந்துகொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? அப்படி யாரும் நம்பாததால்தான் என் தங்கை மைதிலியின் முதல் டிசம்பர் சங்கீத சீசன் கச்சேரியில் நான் மேடை ஏறும்படி ஆயிற்று. ஏறியதுகூடப் பரவாயில்லை. இறங்கியதுதான் விவகாரமாகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர். அமெரிக்காவில், பாதி வருடம் பனி கொட்டும் ஓர் ஊரில் பாலிமர் வேதியியலில் டாக்டர் பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தேன். (பாலிமர் என்றால் என்ன என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். ‘பிளாஸ்டிக் மாதிரிம்மா’ என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவள் எல்லோரிடமும், ‘ரகு அங்கே பக்கெட் சம்பந்தமா என்னமோ படிக்கறான்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.) டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து, குளிர்கால விடுமுறைக்கு முதன்முறையாக வீட்டுக்கு வந்திருந்தேன்.

எவ்வளவு சுகமான நாட்கள் அவை! எனக்கு உடம்பு சென்னையிலும் தூக்கம் அமெரிக்காவிலும் இருந்தது. ஊர் தூங்கும்போது விழித்துக்கொண்டிருப்பேன். பால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் அம்மா எழுந்து டிகாஷன் இறக்குவாள், முதல் டம்ளர் எனக்கு. மாட வீதியைச் சுற்றி வந்தால் பனிக் குல்லா போட்ட மாமாக்கள் வாசலில் நின்று, ‘அங்கே குளிரா, இங்கே குளிரா?’ என்று கேட்பார்கள். நான் அரைக்கைச் சட்டையோடு நின்று பதில் சொல்வதை ஒரு வீரச் செயலாகப் பார்ப்பார்கள். மத்தியானம் வத்தக்குழம்பு சாதம். அதன்பின் பூமி சுற்றுவது நின்றாலும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் எழுந்து, ஏதாவது ஒரு சபாவுக்குப் போய், கச்சேரியைத் தவிர்த்துவிட்டு நேரே காண்டீனுக்குப் போவேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று வாரமும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கவலையெல்லாம் மைதிலிக்குத்தான். தி. நகரில் ஒரு சபா அவளுக்கு நட்டநடு மத்தியானக் கச்சேரி கொடுத்திருந்தது. மத்தியானக் கச்சேரி என்றால் டிக்கெட் கிடையாது. மின்விசிறிக்கு அடியில் உட்கார வந்தவர்கள்தான் பாதிப் பேர். ஆனாலும் அங்கே தேறினால்தான் அடுத்த வருடம் சாயங்காலம். அதோடு சபாவின் செயலாளர், எதையும் சுலபத்தில் பாராட்டாத மனிதர், ‘பொண்ணு விருத்தம் நன்னாப் பாடறதுன்னு கேள்விப்பட்டேன். தனி ஆவர்த்தனம் முடிஞ்சதும் வந்து உக்காந்து கேக்கறேன்’ என்று சொல்லியிருந்தார். தாளம் இல்லாமல், மிருதங்கம் இல்லாமல், சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு பாடுவது விருத்தம். மைதிலி அதை மூன்று மாதமாகப் பாடிப் பாடி, எங்கள் வீட்டுப் பால்காரருக்கே சிந்து பைரவி ராகம் மனப்பாடம் ஆகியிருந்தது.

கச்சேரிக்கு முதல் நாள், தம்பூரா போடுவதாக இருந்த அவள் தோழிக்கு அம்மை போட்டுவிட்டது.

‘சுருதிப் பெட்டிதான் இருக்கே, அது போறாதா?’ என்றேன் படுத்தபடியே.

‘தம்பூரா இல்லாத மேடை மூளியா இருக்கும்’ என்றாள் அம்மா. பிறகு என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். ‘ஏண்டா ரகு, நீ சும்மாத்தானே படுத்துண்டிருக்கே?’

‘எனக்கு சங்கீதம் தெரியாதும்மா.’

‘தெரியவே வேண்டாம். நாலு தந்தி, ரெண்டு விரல். பக்கெட்டுக்கே டாக்டர் பட்டம் வாங்கப் போறே, இது வராதா?’

மைதிலியைப் பார்த்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அவளுடைய பம்பரத்தை நான் எடுத்து ஒளித்து வைத்தபோது பார்த்த அதே முகம். ‘சரி’ என்றுவிட்டேன். அன்று மாலை முழுக்கப் பயிற்சி. நடுவிரலால் முதல் தந்தி, ஆள்காட்டி விரலால் மற்ற மூன்றும். நிதானமாக, ஒரே மாதிரி, நிறுத்தாமல். மைதிலி சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ‘அண்ணா, என்ன ஆனாலும் நான் எழுந்துக்கற வரைக்கும் நீ எழுந்துக்கப்படாது.’

மறுநாள் அம்மாவும் மைதிலியும் பக்கவாத்தியக்காரர்களோடு முன்னாலேயே போய்விட்டார்கள். அப்பாவும் நானும் தம்பூராவும் ஆட்டோவில். அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்தும், அவர் குரலை உயர்த்தியதாக எதிரிகள்கூடச் சொன்னதில்லை. ஆட்டோக்காரர் அதற்கு நேர் எதிர்.

‘இன்னா சார் இது, இம்மாம் பெருசா கீது? வீணையா?’

‘தம்பூரா.’

‘இதுல இன்னா பாட்டு வரும்?’

‘பாட்டு வராது. ஒரே சத்தம்தான். ஙொய்னு.’

‘அதுக்கா சார் இவ்ளோ பெரிய குடம்?’ என்று வருத்தப்பட்டார். லஸ் முனையில் திரும்பும்போது மறுபடி கத்தினார். ‘கழுத்து வெளிய நீட்டிக்கினு கீது சார்! பஸ்ஸு வந்தா பூடும். உள்ள இஸ்துக்கோ!’

இழுத்துக்கொண்டேன். தி. நகர் போய்ச் சேரும்வரை தம்பூராவின் கழுத்து அப்பாவின் மூக்குக்கு நேரே இருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

கச்சேரிக்கு இன்னும் நேரம் இருந்தது. காண்டீனிலிருந்து நெய் வாசனை வந்தது. (இங்கேதான் என் விதி என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.) மைதிலி மேடைக்குப் பின்னால் வெந்நீரில் பனங்கற்கண்டு கரைத்து ஒவ்வொரு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தாள். பாடுகிறவள் பட்டினி கிடக்கலாம், தம்பூராக்காரன் ஏன் கிடக்க வேண்டும்? ரவா தோசை, கீரை வடை, அசோகா அல்வா. அல்வா நன்றாக இருந்ததால் இன்னொரு அல்வா. அதற்கு மேல் ஒரு காபி. வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு மேடை ஏறினேன்.

முதல் அரை மணி நேரம் நான் அற்புதமாக வாசித்தேன் என்று நடுநிலையோடு சொல்ல முடியும். முன் வரிசையில் அம்மா பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அப்பா ஓர இருக்கையில். மைதிலியின் முதுகும் பின்னலும் என் கண் முன்னால். அவள் கல்யாணி ராகத்தை எடுத்து மெல்ல விரித்தாள். என் அமெரிக்கக் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. வயிற்றில் இரண்டு அல்வா. காதோரத்தில் தம்பூரா. குழந்தையைத் தூங்க வைக்க இதைவிடச் சிறந்த வாத்தியம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நெற்றியைத் தம்பூராவின் கழுத்தில் லேசாகச் சாய்த்தேன். பெரிய பெரிய கலைஞர்கள் எல்லாம் அப்படித்தான் வாசிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் எதுவும் நினைவில்லை.

நான் மீட்டுவதை நிறுத்தியது மைதிலிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் சுருதிப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. சபையோருக்கும் தெரியவில்லை. அவர்களில் பாதிப் பேர் என் நிலையில்தான் இருந்தார்கள்.

என்னை எழுப்பியது கைதட்டல்.

கண்ணைத் திறந்தால் எல்லோரும் தட்டுகிறார்கள். மிருதங்கக்காரர் துண்டால் முகம் துடைக்கிறார். வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டார். மைதிலி பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடிக்கிறாள். பாதி நாற்காலிகள் காலி. இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. ‘அப்பாடா, கச்சேரி முடிந்தது. மானம் பிழைத்தது.’

கச்சேரி பார்த்துப் பழகியவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும். முடிந்தது தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கக்காரர் தன் சாமர்த்தியத்தைக் காட்டும் பகுதி. அவர் ஆரம்பித்தவுடன் சபையில் பாதி எழுந்து காபி குடிக்கப் போவது இந்த ஊரின் அசைக்க முடியாத சம்பிரதாயம். விருத்தம், சின்னப் பாட்டுகள், கடைசியாகக் கச்சேரியை முடித்துவைக்கும் மங்களம் எல்லாம் அதற்கப்புறம்தான். காண்டீனைத் தவிர எந்தக் கச்சேரியையும் முழுசாகப் பார்க்காத எனக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் எங்கே உறைத்தது?

எழுந்தேன். தம்பூராவை மார்போடு அணைத்துக்கொண்டேன். சபையைப் பார்த்துப் பணிவாகத் தலை குனிந்து ஒரு கும்பிடு போட்டேன். (முன் வரிசையில் அம்மா இரண்டு கையையும் ஆட்டினாள். ஆசீர்வாதம் என்று நினைத்தேன்.) பக்கத்துத் திரை வழியாக இறங்கினேன். தம்பூரா போவதைப் பார்த்ததும், மீதி இருந்தவர்களிலும் பலர் கச்சேரி முடிந்தது என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

பின்வாசல் நேராகக் காண்டீனுக்குப் போகிறது. அங்கே அப்பா காபி ஆற்றிக்கொண்டிருந்தார். சொந்தப் பெண்ணின் கச்சேரியாக இருந்தாலும் தனிக்கு எழுந்து போகிற பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் தம்பூராவைச் சாய்த்துவிட்டு நானும் ஒரு காபி சொன்னேன்.

‘என்னடா, முடிஞ்சுடுத்தா?’

‘முடிஞ்சுடுத்துப்பா. பிரமாதமா பாடினா.’

அப்பா தலையை நிமிர்த்திக் காண்டீன் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

‘அப்போ இது யாருடா பாடறது?’

சிந்து பைரவி. அந்த மூன்று மாத விருத்தம். எங்கள் மைதிலி.

அந்தக் காபி டம்ளரை எப்படிக் கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. மேடைப் பக்கம் ஓட எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். பாதி விருத்தத்தில் தம்பூராவோடு மேடை ஏறினால் இருக்கிற கொஞ்ச மானமும் போய்விடும். எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்தக் குரல்தான். முதல் வரியில் ஒரு நடுக்கம் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தால் குரல் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும்.  செயலாளர் இந்த நேரம் உள்ளே வந்திருப்பார். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுடைய அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், எல்லாவற்றையும் நான் தூக்கிக்கொண்டு வந்து காண்டீன் நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் அப்பா எழுந்து நின்றார். என் வாழ்நாளில் முதலும் கடைசியுமாக அவர் சத்தம் போட்டதை அன்று கேட்டேன்.

‘எல்லாரும் கேளுங்கோ! கச்சேரி முடியலை! என் பிள்ளைதான் முடிச்சுட்டான்!’

காண்டீனே திரும்பிப் பார்த்தது. தம்பூராவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாமி வடையைப் பாதியில் வைத்துவிட்டு, ‘ஐயோ பாவம், அந்தக் குழந்தை தனியா உக்காண்டு பாடிண்டிருக்கு, வாங்கோ எல்லாரும்’ என்று எழுந்தாள். அவள் பின்னால் ஒரு கூட்டம். சிலர் காபி டம்ளரோடு. அப்படியே போனவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களையும் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த கச்சேரிக்கு வந்தவர்கள், என்ன இவ்வளவு கூட்டம் என்று அவர்களும் நுழைந்தார்கள்.

நான் கதவோரம் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆள் வர வர அந்தக் குரலில் நடுக்கம் போயிற்று. மேலே ஏறி நின்றது. பின்னால் தம்பூரா இல்லை, அண்ணன் இல்லை, ஒரு சின்னப் பெட்டி மட்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக ஒரு கச்சேரியை நின்றுகொண்டு, விழித்துக்கொண்டு, கடைசி வரை கேட்டேன்.

செயலாளர் தாமதமாகத்தான் வந்தார். மத்தியானக் கச்சேரியில் நிற்க இடமில்லாமல் கூட்டம் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டார். அடுத்த வருடம் மைதிலிக்குச் சாயங்காலக் கச்சேரி கிடைத்தது. (கூட்டம் சேர்த்தது யார் என்று நான் இன்றுவரை வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல யாரும் தயாராக இல்லை.) அன்று ஆட்டோவில் திரும்பும்போது அவள் முகத்தைத் தெருப் பக்கமே திருப்பிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் பொங்கிச் சிரித்துவிட்டாள். ‘கும்பிடு வேற போட்டியே அண்ணா!’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எங்கிருந்தும் நிம்மதியாக எழுந்திருக்க முடிவதில்லை. பந்தியிலிருந்து எழுந்தால், ‘மங்களம் ஆயிடுத்தா?’ கல்யாண மண்டபத்திலிருந்து கிளம்பினால், ‘மங்களம் ஆயிடுத்தா?’ என் கல்யாணத்திலேயே, ஹோமப் புகை தாங்காமல் மணையிலிருந்து கொஞ்சம் நகர்ந்தபோது, அப்பா சாஸ்திரிகளைப் பார்த்து மெல்லிய குரலில் அதையே கேட்டார்.

மைதிலி இப்போது பெரிய பாட்டு டீச்சர். போன டிசம்பரில் அவளுடைய மாணவி ஒருத்திக்கு முதல் கச்சேரி, அதுவும் மத்தியானம். நானும் மைதிலியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். தனி முடிந்து கைதட்டல் எழுந்தது. அந்தப் பெண் உடனே பாட ஆரம்பிக்கவில்லை. நிதானமாகக் கழுத்தைத் திருப்பி, பின்னால் இருந்த தம்பூராவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி விருத்தம் எடுத்தாள்.

கச்சேரி முடிந்ததும் அவளிடம் கேட்டேன். ‘தனி முடிஞ்சதும் ஏம்மா திரும்பிப் பார்த்தே?’

‘அது எங்க பாணி மாமா’ என்றாள் பெருமையாக. ‘விருத்தத்துக்கு முன்னாடி தம்பூராவைப் பார்த்துட்டுத்தான் எடுக்கணும். டீச்சர் ஒரு கச்சேரியிலகூட அதை விட்டதில்லை. நாங்க எல்லாருமே அப்படித்தான். ரொம்பப் பழைய சம்பிரதாயமாம்.’

நான் மைதிலியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

‘ஆமாம்’ என்றாள். ‘பரம்பரையா வரது.’