ஐஸ்காரர் போட்ட கொழும்புக் கணக்கு

கடவுள் உட்பட ஒருவரையும் நம்பாமல், ஞாயிறு பூசையை ஒருநாளும் தவறவிடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தலைமன்னார் ஐஸ்காரர். "நம்பிக்கை இல்லாட்டி ஏன் அண்ணை கோயிலுக்குப் போறியள்?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் போகாத நாளில பாதர் என்னைப் பற்றி என்ன சொல்லுறார் எண்டு ஆருக்குத் தம்பி தெரியும்?" என்றார்.

அவரைப் பிழை சொல்லவும் முடியாது. தொழில் அப்படி. மீன்பிடிக்கிறவர்களுக்கு ஐஸ் விற்றவர். மன்னாரிலிருந்து லொறியில் வந்து இறங்கும் ஐஸ் கட்டிகளை உமி கொட்டிச் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார். காலையில் முழுதாக இருந்த சரக்கு மத்தியானம் முக்கால்தான் இருக்கும். போட்ட முதலே கண் முன்னால் களவு போகிற தொழிலில் கிழவனானவர் மனிசரை எப்படி நம்புவார்?

என் கடை அவருடைய ஐஸ் கொட்டிலுக்கு எதிரே. படகு இஞ்சின் ஒயிலும் கயிறும் விற்கிறேன். வியாபாரம் முடிந்ததும் வந்து என் கதிரையில் உட்காருவார். உட்காரும் முன் கதிரையின் நாலு காலையும் ஆட்டிப் பார்ப்பார். எனக்கு வாய் நல்லதில்லை என்று ஊரில் பாதிப்பேர் என் கடைக்கு வருவதில்லை. அவர் மட்டும் ஏன் வருகிறார் என்று கேட்டேன். "நீர் மூஞ்சையில அடிச்ச மாதிரிக் கதைக்கிறீர். சிரிச்சுக் கதைக்கிறவனோடதான் கவனமா இருக்க வேணும்."

இப்படிப்பட்டவரிடம்தான் கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்துச் சொன்னாள். பிள்ளை பிறக்கப் போகிறது, அம்மாவும் அப்பாவும் வந்து தங்களோடேயே இருந்துவிட வேண்டும், மருமகனும் அதைத்தான் விரும்புகிறார் என்று.

"மருமோன் விரும்புறாராம்!" என்று என் கடைக்கு ஓடி வந்தார். "மாமனைக் கூப்பிட்டு வீட்டில வைச்சிருக்க விரும்புற மருமோனை நீர் எங்கயும் கண்டிருக்கிறீரோ? ஏதோ இருக்குத் தம்பி."

"நல்ல பெடியன் அண்ணை."

"அதுதான் எனக்கும் யோசனை."

அவர் மனைவி மேரி அக்காவுக்கு ஒரு யோசனையும் இல்லை. அடுத்த நாளே சூட்கேஸைத் துடைத்தார். ஐஸ்காரரோ, கொழும்பில் என்ன செலவு, என்ன வரி என்று கணக்குப் போடாமல் கால் எடுத்து வைக்கமாட்டேன் என்று நின்றார். அக்கா என் கடை வாசலில் வைத்தே சொன்னார்: "இஞ்சருங்கோ, பிள்ளை உங்கட கணக்கு முடியுமட்டும் வயித்துக்குள்ள இருக்காது. நான் போறன். நீங்கள் போட்டு முடிச்சிட்டு வாங்கோ. முடியாட்டி இஞ்சயே கிடவுங்கோ." சொன்னபடி ரெயில் ஏறிவிட்டார். ஐஸ்காரர் ஒற்றை ஆளாகச் சோறு பொங்கிக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கினார்.

கணக்கை அவர் எழுதுவதில்லை. எழுதினால் யாரும் பார்த்துவிடுவார்களாம். கொழும்பு ரெயில் வரும் நேரம் ஸ்ரேசனுக்குப் போய், இறங்குகிறவர்களை மறித்து விசாரிப்பார். தேங்காய் என்ன விலை? பாண் என்ன விலை? காஸ் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்? "பெரிய செலவொண்டும் இல்லை அண்ணை, சமாளிக்கலாம்" என்று ஒரு ரீச்சர் சொல்லிவிட்டார், பாவம். "உப்பிடிச் சொல்லச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டு, அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுமட்டும் விடவில்லை. ஒன்றும் வாங்க முடியாது என்று அழுதவர்களையும் அவர் நம்பவில்லை. "அப்ப உவர் என்னத்தைத் திண்டு உப்பிடித் தடிச்சிருக்கிறார்?"

வரி இன்னும் மோசம். கொழும்பில் வீட்டுக்காரர் மாநகரசபைக்குச் சோலைவரி கட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டுக் கொதித்தார். "மகளின்ர வீடு ஏழாம் மாடி. கீழ நிலம் ஆரின்ரயோ, மேல கூரை ஆரின்ரயோ. நடுவில நிக்கிற காத்துக்கே வரி?" தொடர்மாடியில் லிப்டுக்கும் மாதாமாதம் பராமரிப்புக் காசு உண்டு என்றேன். "ஏறுறதுக்குக் காசு, சரி. இறங்குறது தன்பாட்டில இறங்குறதுதானே? அதுக்கும் எடுக்கிறாங்களோ?" சாமான் வாங்கினால் அறவிடும் வற் வரி தலைமன்னாரிலும் அதேதான் என்று நான் சத்தம் போட்டேன். "இஞ்ச கடைக்காரனைத் தெரியும். அவன் அந்தக் காசைக் கட்டமாட்டான் எண்டும் தெரியும். அங்க ஆரைத் தெரியும்?" என்றார். என்ன மனிசன் பாருங்கள்.

கரையில் கரண்ட் எடுக்கச் சுற்றுகிற பெரிய காற்றாடிகளையும் விடவில்லை. "காத்து எங்கட. கரண்ட் கொழும்புக்குப் போகுது. பில் மட்டும் ஏன் தம்பி இஞ்ச வருது?" இந்த ஒரு கேள்வியில் மட்டும் நான் அவர் கட்சி. எனக்கும் கோபம்தான் வந்தது.

இதற்குள் கொழும்பில் பேத்தி பிறந்துவிட்டாள். கணக்கும் ஒருநாள் முடிந்தது. கொழும்பில் இரண்டு மடங்கு செலவு என்று தீர்ப்புச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரிசி, தேங்காய், காஸ், மருந்து, பஸ், வரி, எல்லாம் இருந்தது.

"மீன் எங்க அண்ணை?"

"மீனுக்கு என்ன காசு?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எங்கள் கரையில் வலையிழுக்கக் கை கொடுத்தவனுக்கும் வேலைசெய்தவனுக்கும் கறிக்கு மீன் கொடுக்காமல் படகுக்காரன் வீட்டுக்குப் போகமாட்டான். ஐஸ்காரருக்குத் தினமும் யாராவது ஒருவர் பையில் போட்டுவிடுவார். அந்த மனிதர் தன் ஆயுளில் மீனை விலைகொடுத்து வாங்கியதே இல்லை! தண்ணீர், வெயில் மாதிரி மீனும் சும்மா வருவது என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கொழும்பில் பாரை என்ன விலை என்று சொன்னேன். முகம் வெளுத்தது. பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உம்மோட மருமோன் கதைச்சவரோ?" என்று கேட்டார்.

"என்ன பைத்தியம் அண்ணை? வரவேண்டாம் எண்டு நினைக்கிறவர்தானே உப்பிடி விலையைக் கூட்டிச் சொல்லச் சொல்லுவார்!"

"ஓ! அப்ப அவர் நான் வரவேண்டாம் எண்டு நினைக்கிறாரோ?" என்று எழும்பிப் போய்விட்டார். கொஞ்ச நாள் என் கடைப் பக்கமே வரவில்லை. நானும் போகவில்லை. போடா என்று விட்டுவிட்டேன்.

பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போனார். ஒரு கிழமையில் திரும்பி வந்து, கதிரைக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"மீன் விலை நீர் சொன்னது உண்மைதான். விடிய எழும்பி நேர கடற்கரைக்குப் போனன். சிங்கள ஆக்கள் கரைவலை இழுத்துக்கொண்டு நிக்கிறாங்கள். சாரத்தை மடிச்சுக் கட்டிப்போட்டு நானும் கயிற்றைப் பிடிச்சன். ஒரு கதை பேச்சில்லை. முடிய ஒருவன் பாரை மீனொண்டைத் தூக்கி நீட்டுறான். நான் வாங்கேல்ல."

"ஏன்?"

"ஏன் தந்தவன்?"

"கயிறு பிடிச்சதுக்குத் தந்தவன்!"

"அது எங்கட ஊர்ப் பழக்கம். அவனுக்கு எப்பிடித் தெரியும்? அதோட நல்ல பெரிய மீன். எங்கட ஆக்கள் எண்டால் சின்னனாப் பாத்துத்தான் தருவாங்கள்." வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மேரி அக்காவிடம் ஏச்சு வாங்கிக் கட்டியிருக்கிறார். மறுநாளும் போய்க் கயிறு பிடித்தார். மீன் தந்தார்கள். வாங்கினார். அக்கா அதைச் சமைக்க, மற்றவர்கள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகு தானும் சாப்பிட்டார்.

"அப்ப கணக்கு?" என்றேன்.

"மீனை விட்டாலும் கொழும்பிலதான் செலவு கூட. ஒரு பக்கத்தாலும் கட்டாது."

"சரி, இஞ்சயே இருங்கோ." எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. மறைப்பானேன்.

"இல்லைத் தம்பி. வாற கிழமை போறன்."

எனக்கு ஏறிவிட்டது. "கட்டாது எண்டு இப்பதானே சொன்னீங்கள்! என்ன விசர்க் கதை இது?"

ஐஸ்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பேத்தியை அங்க எல்லாரும் ஏமாத்துறாங்கள் தம்பி. கிலுகிலுப்பையைக் கண்ணுக்கு முன்னால ஆட்டுறாங்கள். பிள்ளை வாயைத் திறந்து பாக்குது. டக்கெண்டு மருந்தை ஊத்துறாங்கள். தாய், தேப்பன், என்ர மனிசி, எல்லாரும் கூட்டு. ரெண்டாம் முறை அவள் வாயைத் திறக்கேல்ல. கிலுகிலுப்பையைப் பாக்கேல்ல. ஊத்துற கையைப் பாத்தாள்." அவர் கண் பளபளத்தது. "அந்த வீட்டில அவளுக்கெண்டு ஒரு ஆள் வேண்டாமே?"

போகிற நாள் ஸ்ரேசனுக்குப் போனேன். ஐஸ் அறுக்கும் வாளை விற்றுவிட்டார், கொட்டிலைப் பிரித்துவிட்டார். ரெயில் அசையும்போது வீட்டுப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்து அழுத்தினார். "அப்பப்ப திறந்து கூட்டிவிடும் தம்பி. உம்மை விட்டா வேற ஆர்?" திறப்பை மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டேன். மறுநாள் விளக்குமாற்றோடு போய்ப் பார்த்தால் கதவில் இரண்டு பூட்டு. என்னிடம் இருந்தது ஒன்றின் திறப்பு. மற்றதின் திறப்பு கொழும்பில்.

வாசலில் நின்று கெட்ட வார்த்தையில் ஏசினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு வருசமாகிவிட்டது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் நான் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறார்கள். தாங்கமுடியாமல் இருக்கிறது.