நான் கட்டிய மஞ்சள் பேனர்

ஓர் அபேட்சகரைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் எதிராளிகள் மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைய வேண்டும். நான் ஒற்றை ஆளாக, ஒரே காலையில், மூன்று வேட்டியும் ஒரு படி மஞ்சளும் வைத்துக்கொண்டு அந்தக் காரியத்தை முடித்தேன். இதில் ஒரே ஒரு சங்கடம்தான். அவர் நான் ஆதரித்த அபேட்சகர்.

(வேட்பாளர் என்ற சொல் எங்கள் பக்கம் வந்து சேராத காலம் அது. அபேட்சகர் என்று சொல்வதற்கே நாக்குக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அப்பா கடைசி வரைக்கும் 'அபேச்சுக்காரரு' என்றே சொல்லிவந்தார்.)

அறுபதுகளின் தொடக்கம். கூட்டேரிப்பட்டிலிருந்து ஒன்றரை மைல், டிரங்க் ரோட்டிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில் உள்ளே எங்கள் ஊர். திண்டிவனத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வேலை இல்லாமல், ஆனால் ஏகப்பட்ட அறிவோடு நான் ஊரில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்தப் பெருமையை ஒரு நிமிஷம்கூட யாரும் மறந்துவிடக் கூடாது என்று கண்ணும் கருத்துமாக இருந்தேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி பிடுங்கும் இடத்தில்கூட வேரின் வகைகளைப் பற்றி விளக்கம் சொல்வேன். பிடுங்க மட்டும் மாட்டேன்.

என் தங்கை செல்லம் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மேலே படிக்கத் திண்டிவனம் போகவேண்டும். அம்மாவின் தம்பி முனுசாமி மாமாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"இவன் ஒருத்தன் படிச்சிட்டு வந்து இன்னா கிழிச்சிட்டான் மச்சான்? பொட்டப் புள்ளய வேற பஸ்ஸுல ஏத்தி அனுப்பப் போறியா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "எலக்சன் வருது. நம்மூரு ஓடைக்கு ஒரு பாலம் வோணும். அபேச்சுக்காரர நம்ம ஏழுமல ஊருக்குள்ள கூட்டிக்கினு வரட்டும். படிப்பு ஊருக்கு உதவுதான்னு பாப்போம். உதவிச்சின்னா செல்லமும் போவட்டும்."

ஆக, செல்லத்தின் படிப்பு என் கையில். இதைக் கேட்டதும் அவள் ஏன் அழுதாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு திண்டிவனம் போனேன். குடைச் சின்னத்தில் நின்ற சுயேச்சை அபேட்சகரின் ஆட்களைப் பார்த்தேன். "எங்க ஊர் ஓட்டு அத்தனையும் உங்களுக்குத்தான். ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்றேன். புதன்கிழமை காலை விழுப்புரம் போகிற வழியில் வருவதாக ஒத்துக்கொண்டார்கள். "ஊரு எதுன்னு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார்கள்.

"பேனர் கட்டியிருப்பேன், பாத்துக்கினே வரலாம்" என்றேன்.

வாக்குக் கொடுத்தாயிற்று. பேனருக்குத் துணி? அப்பாவின் வேட்டி இரண்டு, என் வேட்டி ஒன்று. மூன்றையும் நீளவாக்கில் சேர்த்துத் தைத்தேன். (அதன்பிறகு அப்பாவிடம் மிஞ்சியது இடுப்பில் இருந்தது மட்டும்.) வெள்ளைத் துணி தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரியாது, மஞ்சள்தான் வெகுதூரம் தெரியும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருந்தேன். வீட்டில் இருந்த மஞ்சளையெல்லாம் அண்டாவில் கொட்டிக் காய்ச்சி, துணியை முக்கி எடுத்தேன். காவியைக் கரைத்து ஒரு பெரிய குடை வரைந்தேன். பக்கத்தில், 'மக்கள் தொண்டரே வருக, குடைக்கே உங்கள் ஓட்டு' என்று ஒரு முழ உயரத்தில் எழுதினேன். காவி துணியில் ஒட்டிக்கொள்ள வஜ்ஜிரப் பசை போட்டுக் காய்ச்ச வேண்டும் என்றாள் செல்லம். அதற்கெல்லாம் நேரமில்லை என்று தண்ணீரிலேயே கரைத்தேன். அது துணியில் நின்றதைவிட மறுபக்கம் ஊறியதுதான் அதிகம்.

புதன்கிழமை விடியற்காலை நானும் செல்லமும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பாதை டிரங்க் ரோட்டில் சேரும் இடத்துக்குப் போனோம். அங்கே பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பனை, அந்தப் பக்கம் ஒரு பனை.

"எழுத்து ரோட்டுப் பக்கந்தானே அண்ணே?" என்றாள்.

"ஓட்டு எங்க இருக்குது? ஊருக்குள்ள. அப்போ எழுத்து யாரப் பாத்துக்கினு இருக்கணும்? ஊரப் பாத்துக்கினு இருக்கணும்."

"நம்மூர்ல எழுத்துக் கூட்டிப் படிக்கறவங்க எத்தினி பேரு அண்ணே?"

நான் ஏணியில் ஏறிவிட்டேன். படித்தவர்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

தோரணம் கட்ட மாவிலை வேண்டும். மாமரம் இருந்தது மாமாவின் கொல்லையில். மாமாவோ எதிராளி பக்கம். "என் மரத்து எல உன் குடைக்காரனுக்குக் கெடையாது, போடா" என்று விரட்டிவிட்டார். அதனால் என்ன? பனைக்குப் பக்கத்திலேயே தழைத்த வேப்பமரம் நின்றது. கொத்துக் கொத்தாக ஒடித்துவந்து பேனரின் இரு முனையிலும், நடுவிலும் கட்டினேன். சாணி கொட்ட அந்த வழியாக வந்த அம்மா ஊர்ப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு, "வேப்பிலையாடா கட்டற?" என்று கேட்டாள்.

"எல்லாம் இலைதாம்மா. இதுக்கெல்லாம் போய் சாஸ்திரம் பாத்துக்கினு" என்றேன்.

ஊர் முகப்பில் இருந்த புளியமரத்தடியில் எல்லோரும் கூடினோம். அங்கிருந்து பார்த்தால் பேனரும் அதற்கு அப்பால் டிரங்க் ரோடும் தெரியும். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அப்பா மிச்சமிருந்த வேட்டியைத் துவைத்து, ஈரத்தோடு கட்டிக்கொண்டு மாலையைக் கையில் வைத்திருந்தார். கேலி செய்வதற்கென்றே மாமாவும் வந்தார். அன்றைக்குக் காலையிலிருந்து தபால்காரரைக் காணோம், தினமும் வருகிற வளையல்காரரையும் காணோம். அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பத்து மணிக்குக் கொடி கட்டிய ஜீப் வந்தது! மேளம் முழங்கியது. ஜீப் பனைமரத்தண்டை வந்து சடக்கென்று நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் இறங்கினார். பேனரை அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"இன்னாடா மாப்ளே, செருப்பக் கழட்டறாரு?" என்றார் மாமா.

"மக்கள் முன்னாடி பணிவு மாமா."

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கன்னத்துல போட்டுக்கறாரே?"

"மக்கள்தான் தெய்வம்னு அர்த்தம்." எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பில் தாவி ஏறினார். ஜீப் பின்பக்கமாகவே போய், ரோட்டைப் பிடித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டது.

"போய்க்கினே இருக்காரேடா?"

"நோட்டீஸ மறந்துட்டு வந்துட்டாரு. எடுத்துக்கினு ஜல்தியா வந்துடுவாரு" என்றேன்.

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். மாலை வாடியது. அப்பாவின் வேட்டி காய்ந்தது. செல்லம் என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை, "ஜீப்பு! ஜீப்பு!" என்று யாரோ கத்தினார்கள். பனைமரங்களைத் தாண்டி ஒரு ஜீப் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. "கொடி எங்கடா?" என்று மாமா கேட்டார். "எளிமை மாமா, எளிமை!" என்று கத்திக்கொண்டே மேளக்காரர்களைக் கூப்பிட ஓடினேன். அபேட்சகரைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்ட சனத்தை முண்டியடிக்கவிடாமல் நானே வரிசையில் நிறுத்தினேன்.

காக்கிச் சட்டை போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் பெட்டியோடு இறங்கினார். அப்பா மாலையைப் போட்டார். பெண்கள் ஆரத்தி சுற்றினார்கள். அந்த மனிதர் திகைத்துப்போய், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இந்த வேலையில இருக்கேங்க. என்னைப் பாத்தா ஊரே கொல்லைப்பக்கம் ஓடும். மாலை போட்டு, வரிசையில நின்னது நீங்கதாங்க" என்றார். பெட்டியைத் திறந்தார். வரிசையில் முதலில் நின்ற மாமாவின் கையைப் பிடித்து, ஊசியை வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினார். மாமா போட்ட சத்தத்தில் மேளம் நின்றது.

அவர் அம்மை குத்துகிறவர்!

"யாருங்க உங்கள வரச் சொன்னது?" என்று அப்பா கேட்டார்.

"நேத்து எலக்சன் ஜீப்புல வந்தவரு திண்டிவனத்துல வந்து சொன்னாருங்க. இந்த ஊர்ல ஆத்தா எறங்கியிருக்கா, ஊர் வாசல்லயே மஞ்சத் துணியும் வேப்பிலையும் கட்டிட்டாங்க, உள்ள காலு வெக்க முடியலன்னாரு."

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டான். ஒரு ஊருக்கே சேர்த்துச் செருகியவன் நான் ஒருவன்தான். அம்மா விடுவிடுவென்று நடந்து, முதல்முறையாகப் பேனருக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். எழுத்தில்லாத மஞ்சள் துணி. காவி ஊறிச் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள். வேப்பங்கொத்து மூன்று. அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் மாமாவின் வைக்கோல்போருக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டேன்.

அம்மை குத்துகிறவருக்குப் பேர்ப் பட்டியல் எழுத ஆள் வேண்டியிருந்தது. படித்த ஆள் யார் என்று கேட்டபோது ஊரே என் பெயரைச் சொல்லித் தேடியதாம். நான் அகப்படவில்லை. செல்லம் முன்னால் வந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். வீடு வீடாக, ஆள் ஆளாக, வயதுவாரியாக ஒரு பெயர் விடாமல் எழுதிக் கொடுத்தாள். "இந்தப் பொண்ணு மாதிரி எழுத எங்க ஆபீஸ்ல ஆளே கெடையாதுங்க" என்று அவர் சொன்னதை, குத்திய கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா கேட்டார். அந்தப் பட்டியலில் ஒரு ஆள் குறைகிறதே என்று கண்டுபிடித்து, என்னை வைக்கோலிலிருந்து இழுத்துவந்ததும் செல்லம்தான். எல்லோருக்கும் இரண்டு இடத்தில் குத்தினார்கள். எனக்கு மட்டும் மூன்று. மூன்றாவது, மாமா கேட்டுக்கொண்டதற்காக.

சாயங்காலம் அப்பா, மாமாவையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "செல்லம் திண்டிவனம் போவட்டும். படிப்பு ஊருக்கு உதவிடுச்சி." பிறகு அவளிடம், "ஆனா பாடத்துல சந்தேகம்னா வாத்தியார்கிட்ட கேளு. உங்க அண்ணன்கிட்ட கேட்டுக்கினு இருக்காத" என்றார். மாமாவால் மறுத்துப் பேச முடியவில்லை. அவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிய குடைக்காரருக்கு எங்கள் ஊரில் யாரும் ஓட்டுப் போடவில்லை. அவர் தோற்றுப்போனார். எத்தனை ஓட்டில் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. பாலம் வர ரொம்ப வருஷமாயிற்று. பேனரைப் பிரித்து அப்பா மறுபடியும் வேட்டியாக்கினார். எத்தனை துவைத்தும் காவி போகவில்லை. குடையின் கைப்பிடி முழங்காலண்டை தெரிய, அவர் அதைக் கட்டிக்கொண்டே மூன்று வருஷம் ஏர் ஓட்டினார்.

செல்லம் விழுப்புரத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவள் கையிலுள்ள தழும்பு என்ன என்று கேட்டால், "உங்க தாத்தா கட்டின பேனர்" என்பாள்.

போன வருஷம் விழுப்புரத்தில் என் பேரன் கல்யாணம். மண்டப வாசலில் இருபதடிக்கு ஒரு பேனர், அதில் கைகூப்பியபடி நான். எல்லோரும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, செல்லம் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பின்னாடி வெள்ளையாத்தான் இருக்குது அண்ணே" என்றாள். "பயமில்ல. சம்பந்தி வீட்டுக்காரங்க உள்ள வந்துடுவாங்க."