கனடாப் பானையும் பதின்மூண்டு இறாத்தலும்

டாவோஸ், சுவிஸ்,
17.01.1995

மதிப்புக்குரிய சச்சிதானந்தன் அத்தானுக்கு,

கனகரத்தினம் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் தங்கை ஜெயந்தியும் உயிரோடு இருக்கிறோம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அங்கு சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

இறைச்சியைப் போத்தலில் அடைத்து அவிக்கவென்று தாங்கள் கனடாவிலிருந்து அனுப்பிய பிறஷர் பானை கிடைத்தது. "ஒருக்கால் அவிச்சால் ஒரு வருசத்துக்குப் பழுதாகாது" எண்டு ரெலிபோனிலை சொன்னீங்கள். அவிக்கிறவன் பழுதாகிறதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே, அத்தான்?

எங்கடை குசினியிலை இருக்கிறது பழைய விறகடுப்பு. குமிழைத் திருப்பிக் குறைக்க அது உங்கடை ரொறன்ரோ காஸ் அடுப்பில்லை. ஹோட்டலிலை கோப்பை கழுவுற எனக்குக் கிழமையிலை ஒரு நாள்தான் லீவு. அந்த நாளிலை ஆட்டிறைச்சியை ஏழு போத்தலிலை அடைச்சுப் பானையை ஏத்தினன். மலை இடமெண்டபடியால் மூடியிலை அமுக்கம் காட்டுற முள்ளு பதின்மூண்டு இறாத்தலிலை தொண்ணூறு நிமிசம் நிக்கவேணும், இடையிலை இறங்கினால் திரும்ப முதலிலையிருந்து எண்டு எழுதியிருந்தீங்கள். எழுபதாவது நிமிசத்திலை விறகு எடுக்க வெளியிலை போனன். திரும்பி வர ஜெயந்தி, "இஞ்சேருங்கோ, முள்ளு எட்டிலை நிக்குது" எண்டா.

"நீர் பாத்துக்கொண்டோ நிண்டனீர்?"

"பாக்கச் சொன்னனீங்கள், பாத்தன். விறகு வைக்கச் சொல்லேல்லையே."

உங்கடை குடும்பத்து வாய், அத்தான்!

வந்த கோவத்திலை நல்ல காய்ஞ்ச கட்டையா ஆறைத் திணிச்சன். முள்ளு பதின்மூண்டு, பதினாறு, இருவது எண்டு போகுது. நெருப்பை அணைக்கிறதோ பானையை இறக்கிறதோ எண்டு நான் யோசிக்க முன்னம், மூடியிலை இருந்த ரப்பர் அடைப்பான் படாரெண்டு பறந்து முகட்டிலை அடிச்சு, குசினி முழுக்க ஒரே நீராவி. மேல்மாடியிலை இருக்கிற வீட்டுக்காரி ஃபிறவ் மெங், எழுபத்திரண்டு வயசு மனுசி, காலிலை சப்பாத்தும் இல்லாமல் பனிக்குள்ளை ஓடிப்போய் நிண்டு "பொம்ப! பொம்ப!" எண்டு கத்துறா, குண்டாம். "இல்லை ஃபிறவ் மெங், ஆடு!" எண்டன். அவா நம்பேல்லை.

பிறகு பானை ஆற, நீங்கள் மேலதிகமா வைச்சுவிட்ட ரப்பரைப் பூட்டி, உங்கடை தங்கச்சி என்னை விலத்தச் சொல்லிப்போட்டு, சுள்ளி சுள்ளியா வைச்சு, முள்ளு ஏறினால் பானையை அடுப்பின்ரை ஓரத்துக்கு இழுத்து, இறங்கினால் நடுவுக்குத் தள்ளி, தொண்ணூறு நிமிசத்தையும் முடிச்சா. அதையும் எனக்கு நடந்த அவமானமாத்தான் எழுதுறன்.

அடுத்த நாள் காலமை ஃபிறவ் மெங் கடிதம் தந்தவா. மார்ச் முடிய வீட்டை விடவேணுமாம். விசாவே ஒழுங்கில்லாத எனக்கு இந்த ஊரிலை ஆர் வீடு தருவினம்? பானையைத் திருப்பி அனுப்புறன். இனி எனக்கு ஒண்டும் அனுப்பவேண்டாம், புத்திமதியும் வேண்டாம்.

அக்காவுக்கு அன்பு, பிள்ளையளுக்கு ஆசி. உங்களுக்கு இப்போதைக்கு ஒண்டும் இல்லை.

இப்படிக்கு,
க. கனகரத்தினம்

பி.கு.: கடிதம் போகேல்லை. பனி சரிஞ்சு றோட்டையும் ரயில் பாதையையும் மூடி, கரண்டும் நிண்டு, நாலு நாளாக் கடையும் பூட்டு. ஃபிறவ் மெங்கின்ரை மின்சார அடுப்பு கல்லு மாதிரிக் கிடந்தது. ரெண்டாம் நாள் கீழை வந்து கதவைத் தட்டினா. எங்கடை அடுப்படியிலை குந்தியிருந்து, போத்தல் இறைச்சியைப் பாணோடை சாப்பிட்டு, கண்ணிலை தண்ணி ஓட ஓட, "சரியான உறைப்பு" எண்டு தன்ரை பாஷையிலை சொல்லிக்கொண்டு திரும்பவும் கோப்பையை நீட்டினா. வீட்டை விடச் சொன்ன கடிதத்தை இண்டைக்குத் தானே கொண்டுவந்து அடுப்புக்குள்ளை போட்டா. மேலை எழுதினது ஒண்டையும் அக்காவுக்கு வாசிச்சுக் காட்டவேண்டாம். ரப்பர் அடைப்பான் ரெண்டு எயார்மெயிலிலை உடனை அனுப்பவும். போத்தலிலை அடைக்கவெண்டு ஃபிறவ் மெங் ஒரு முழு ஆட்டுக்குச் சொல்லிவிட்டிட்டா.