மாயச் சமையலறையிலிருந்து மாமனார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நான் நலம். இதை நான் சொன்னால் உங்கள் மனைவி நம்பமாட்டாள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அங்கு அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு போன் பேசப் போனேன், பாத்திரம் கருகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு என் மகள், "இனிமே நீங்க தனியா இருக்க வேணாம்ப்பா, எங்களோட வந்துடுங்க" என்று ஒற்றைக் காலில் நிற்க, நான் முடியாது என்று முரண்டுபிடிக்க, கடைசியில் ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் தேறினால் இங்கேயே இருக்கலாம் என்று முடிவானது உங்களுக்குத் தெரியும். முதலில் சில நாள் பயிற்சி, கடைசியில் பரீட்சை. கண்ணை மறைக்கிற மாதிரி தலையில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். கண் முன்னால் பளபளவென்று ஒரு சமையலறை, இல்லாத அடுப்பில் இல்லாத பால். பால் பொங்கும்போதே போன் அடிக்கும், வாசல் மணியும் அடிக்கும், நடுவில் மாத்திரையும் எடுத்துவைக்க வேண்டும். எல்லாவற்றையும் எப்படிச் சமாளிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் மார்க் போடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே நேரத்தில் பத்து லைனைக் கட்டி மேய்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். போன் அடித்ததும் பழக்க தோஷத்தில் "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த போனுக்காகக் காத்திருந்தேன். பால் பொங்கி வழிந்தது. மாத்திரைக்குக் கை நீட்டி, பயிற்சி கொடுக்கிற பெண்ணின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டேன். நல்ல பெண், சிரித்துவிட்டாள்.

ஆனால் வாசல் மணி அடித்தபோது மட்டும் நான் அசையவே இல்லை. "ஏன் ஐயா, கதவைத் திறக்கலையா?" என்று கேட்டாள். "அவ திறப்பா" என்றேன். எங்கள் வீட்டில் அடுப்பு என் பொறுப்பு, வாசல் உங்கள் மாமியார் பொறுப்பு; கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது எனக்கு மறந்துபோகவில்லை, மாப்பிள்ளை. மணி அடித்தால் வாய் தானாக "யாருன்னு பாரு" என்கிறது. அடுத்தடுத்த நாட்களும் இதே கதை. நேற்று அந்தப் பெண் பொறுமையாக, "ஐயா, இந்த வீட்டுல உங்களைத் தவிர யாரும் இல்ல. எல்லாத்தையும் நீங்கதான் செய்யணும்" என்றாள். பெட்டிக்குள்ளேயே அழுதேன். மெஷினில் ஏதோ கோளாறு என்று அவள் அதைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள்.

இன்று கடைசிப் பரீட்சை. தேறாவிட்டாலும் நான் உங்கள் வீட்டுக்கு வருவதாக இல்லை. அவள் நடமாடிய வீட்டை விட்டு எங்கும் வரமாட்டேன். இதை உங்கள் மனைவியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: பரீட்சை முடிந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சேர்க்கிறேன். முழுக்கத் தேறிவிட்டேனாம். மணி அடித்ததும் அடுப்பை அணைத்தேன், நானே போய்க் கதவைத் திறந்தேன். அவளைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. இனிமேல் தாராளமாகத் தனியாக இருக்கலாம் என்று கைகுலுக்கினார்கள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், மாப்பிள்ளை. வந்து என்னை அழைத்துக்கொண்டு போங்கள்.