தீர்மானம் டிரைவர் சொன்ன பொய்கள்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ‘மனுஷன் திருந்த வேண்டும்’ என்று அவரைப்போல் பாடுபட்டவர் யாருமில்லை. அவர் திருந்தியதால் எங்கள் தெருவைப்போல் பாடுபட்டவர்களும் யாருமில்லை.

வடசேரியிலிருந்து அவர் பஸ் ஓட்டினார். சொந்தப் பெயர் அவர் மனைவி பொன்னம்மைக்குக்கூட நினைவிருந்ததா என்பது சந்தேகம். ஊருக்கு அவர் ‘தீர்மானம்’. காரணம், சர்ச்சில் புதுவருஷ ஆராதனையில் சாட்சி சொல்லும் வேளை வந்ததும் முதல் ஆளாக எழுந்து, அந்த வருஷத்துத் தீர்மானத்தைச் சபைக்கு அறிவித்துவிடுவார். பொன்னம்மை அக்கா முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொள்வாள்.

ஒரு வருஷம், யாரையும் கோபித்துப் பேசமாட்டேன் என்றார். பேசவில்லை. வந்த கோபத்தையெல்லாம் ஹார்னில் காட்டினார். கன்னியாகுமரிவரை ரப்பர்ப் பந்து ஓயாமல் அலறியது. வழியில் வண்டிமாடுகள் வயலில் இறங்கின. அடுத்த வருஷம் தேயிலை குடிப்பதை விட்டார். விட்டவர் வீட்டிலிருந்திருக்கலாம். காலையும் மாலையும் கடை பெஞ்சில் உட்கார்ந்து, குடிப்பவர்களுக்குக் குடல் புண்ணாவதைப் பற்றி விளக்கினார். மாசி பிறப்பதற்குள் கடைக்காரர் கும்பிட்டார்: “அண்ணாச்சி, காசு வேண்டாம். ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வாய மூடும்.”

இதெல்லாம்கூடத் தாங்கிவிட்டோம். அதற்கடுத்த புதுவருஷத்தில் எழுந்து, “இனி நான் பொய் பறைய மாட்டேன்” என்றார்.

முதல் பலி மீன்கறி. “எப்படியிருக்கு?” என்று பொன்னம்மை அக்கா கேட்டது வழக்கமான கேள்விதான். “ஏட்டி, கல்யாணம் ஆன நாளுலேருந்து புளி கூடுதலுதான்” என்றார். அன்றிலிருந்து கொஞ்சநாள் அவருக்கு வெறும் கஞ்சி. அடுத்து உபதேசியார், பிரசங்கம் எப்படி என்று கேட்டார். “முன்பாதி கொள்ளாம், நல்லாத்தான் இருந்துது. பின்பாதியில உறங்கிட்டேன்.”

பஸ்ஸில்தான் வினை முற்றியது. கோர்ட்டுக்குப் போகிறவர் ஒருவர், பத்து மணிக்குள் போய்விடலாமா என்று விசாரித்தார்.

“போவோம்னு சொன்னா பொய். போகமாட்டோம்னு சொன்னாலும் பொய். எஞ்சினுக்க மனசு எனக்குத் தெரியாது, கேட்டீரா.”

“பிரேக்கு உண்டுல்லா?”

“நேத்து இருந்துது.”

கேட்டவர் இறங்கினார். பின்னாலேயே பாதி பஸ் இறங்கிப் பக்கத்து வண்டியில் ஏறியது. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

“ஓய், ‘இந்தா போயிரலாம்’னு ஒரு வார்த்த சொன்னா ஒமக்கு நாக்கு தேஞ்சா போவும்?”

“தேயாது முதலாளி. ஆனா அது பொய்யில்லா.”

ஆடிக்குள் கூட்டம் வராவிட்டால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். தீர்மானம் கலங்கினார், ஆனால் மாறவில்லை.

அந்த ஆனியில் என் தங்கை தங்கம்மைக்குப் பேறுகாலம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்தாள். தீர்மானம் பஸ்ஸைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்தார். அவருடைய உண்மையின் புண்ணியத்தில் வண்டி காலியாக இருந்தது. தங்கம்மை நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது.

வில்லுக்குறி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் ஆவி. மழை வேறு. இன்னும் நாலைந்து மைல் கிடந்தது. தங்கம்மை என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்றவரைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க பொய் பறைய மாட்டியளே. நான் பொழப்பனா?”

அம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தீர்மானம் கரிக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தார்.

“என்ன கேள்வி மக்கா இது? ஆஸ்பத்திரி இந்தா, அந்தத் தென்னந்தோப்புக்கு அங்கால. வண்டி சும்மா மூச்சு வாங்குது. ஒனக்கு ஒண்ணும் வராது.”

அந்தத் தோப்புக்கு அப்பால் இன்னொரு தோப்புதான் இருந்தது.

ஓடைத் தண்ணீரை ஊற்றி, ஹாண்டிலைச் சுழற்றி வண்டியைக் கிளப்பினார். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்து, “இந்தா வந்தாச்சு மக்கா, இந்தா வந்தாச்சு” என்றார். நெய்யூர் வாசல்வரை வாய் ஓயாமல் புளுகினார். சாயங்காலம் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே எழுந்து நின்று, தாம் பொய் சொல்லிவிட்டதாக அறிக்கையிட்டார்.

“எத்தனை பொய்?” என்றார் உபதேசியார்.

“வில்லுக்குறியிலேருந்து நெய்யூரு வர. எண்ணல.”

“அதுக்காக வருத்தப்படுறீரா?”

“வருத்தப்படுறேன்னு சொன்னா, அதும் பொய்யாப் போவும் ஐயா.”

உபதேசியார் அவசரமாகப் பாட்டு ஒன்றை ஆரம்பித்துவிட்டார். விஷயம் பரவி, ‘பிள்ளத்தாச்சியக் காப்பாத்தின வண்டி’ என்று பஸ்ஸில் கூட்டம் ஏறியது. முதலாளி வேறு டிரைவர் பேச்சை விட்டார்.

மறுவருஷம் புதுவருஷ ஆராதனை. சாட்சி வேளை வந்ததும் தீர்மானம் தொண்டையைக் கனைத்தார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதற்குள் தங்கம்மை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, உறங்குகிற பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள்.

“எழும்பாதீங்க அண்ணாச்சி, பிள்ள முழிச்சிரும். நீங்க இப்படியே இருந்தாப் போரும்.”

ஆராதனை முடியும்வரை அவர் அசையவே இல்லை.