ஆக்லாந்திலிருந்து வந்த தங்கையை அழைக்கப் போன கதை

லாரி ஓட்டுகிறவனுக்குத் தூரக் கணக்கு சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள். காது கொடுக்க மாட்டான். மலேசியாவில் ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் இடையே பல வருஷமாக லாரி ஓட்டும் நானே அதற்குச் சாட்சி.

என் தங்கை தேவி நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில், மண் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த அம்மாவின் மகள். எங்கள் பழைய தோட்டத்து ஜனங்களில் முதல் டாக்டர். (ஊசி போடுற டாக்டர் இல்லை என்று விளக்கியே என் தொண்டை வறண்டுபோனது.)

புறப்படும் முன் போன் செய்தாள்.

"அண்ணே, ராத்திரி பன்னெண்டரைக்கு ஃப்ளைட். அங்க இறங்குற நேரம்..."

"நீ சொல்ல வேணாம்லா. தூரம் எவ்வளவு?"

"எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் இருக்கும். பதினோரு மணி நேரம் பறக்கும். ஆனா அண்ணே..."

"போதும். மத்ததை அண்ணன் பார்த்துக்கிறேன்."

அந்த 'ஆனா'வை மட்டும் முழுசாகக் கேட்டிருக்கலாம்.

பன்னிரண்டரையோடு பதினொன்றைக் கூட்டினால் பகல் பதினொன்றரை. ஒரு வேன் பிடித்தேன். அம்மா, தோட்டத்துச் சொந்தபந்தம், ரோஜா மாலை, உருமி மேளம். மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது! காலையில் சாவகாசமாகக் கிளம்பி, வழியில் தாப்பாவில் ரொட்டி சானாய் வேறு சாப்பிட்டோம். தெரியாத நம்பரிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. ஏமாற்றுக்காரன் என்று மூன்று தடவையும் வெட்டினேன். "எங்கிட்டயா?" என்று பெருமை வேறு.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் மாலையும் கையுமாக நின்றோம். எவ்வளவு நேரமாகியும் தேவியைக் காணோம். கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஆக்லாந்து ஃப்ளைட்டா? அது காலையிலேயே இறங்கிருச்சே அண்ணே."

"இருக்காதுலா! எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்மா! அவ்வளவு வேகமா எப்படி வரும்?"

"வேகமா வரல அண்ணே. அந்த ஊர் மணி நமக்கு நாலு மணி நேரம் முன்னாடி ஓடும்."

உருமிக்காரர் மெதுவாக மேளத்தை உறையில் போட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அப்போது மறுபடியும் அந்த 'ஏமாற்றுக்காரன்' அழைத்தான். இந்தத் தடவை எடுத்தேன்.

"அண்ணே, புது சிம் வாங்கி எத்தனை தடவை அடிக்கிறது? யாரையும் காணோம்னு பஸ் ஏறிட்டேன். தாப்பாவைத் தாண்டிட்டேன். நீ எங்க?"

"ஏர்போர்ட்ல" என்றேன். அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பில் அந்த பஸ்ஸே குலுங்கியிருக்கும்.

நாங்கள் ஈப்போ திரும்பியபோது வீட்டு கேட்டில் தேவி நின்றிருந்தாள். கையில் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் வாங்கிய ஆலாத்தித் தட்டு. "வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் எப்படி?" என்று எங்களுக்குச் சுற்றினாள். அம்மா சிரித்தபடியே அழுதார். வாடிய மாலையை நான் தங்கை கழுத்தில் போட்டதும், உருமி தெருவே அதிர முழங்கியது. அக்கம்பக்கத்துச் சீனர்கள்கூட வெளியே வந்து கைதட்டினார்கள்.

இன்றும் நான் எந்த நேரத்தைச் சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்விதான்: "அது ஈப்போ மணியா, ஆக்லாந்து மணியா?"

விருந்தாளிகள் புரியாமல் விழிப்பார்கள். "ஆக்லாந்தா? அங்க யாரு இருந்தா?" என்று கேட்பார்கள்.

அப்படி ஒருவர் கேட்டு, என் டாக்டர் தங்கையைப் பற்றி நான் சொல்ல வேண்டும் என்பதற்காகவே, யாரும் கிண்டல் செய்யாத நாட்களில் நானே அந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுகிறேன்.